ஹைடா பெட்டிக்கு எண்ணெய் பூசாதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டு ஹைடா மரப்பெட்டி, தாத்தா சேர்த்து வைத்தது. ஹைடா என்பவர்கள் கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளின் பூர்வகுடி மக்கள். "மரம் காய்ந்து கிடந்தது, ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன்" என்றார் கொண்டுவந்தவர். கறுப்புக் கோடுகளும் சிவப்பு நிரப்பலும் ஒரே பழுப்புப் பிசுக்காகிக் கிடக்கின்றன. அருங்காட்சியகப் பொருட்களைப் பாதுகாப்பதே தொழிலாகக் கொண்ட என்னாலும் இதைப் பழையபடி ஆக்க முடியாது.

மரத்துக்கு எண்ணெய்தான் ஊட்டம் என்று யார் சொல்லிவைத்தார்களோ! வெட்டிய மரம் எதையும் உண்ணாது. விரிசலுக்குக் காரணம் காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்குவது. கனடாவின் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் பலகை தன்னிடமுள்ள நீரை இழந்து சுருங்குகிறது. அந்த நீருக்கு எண்ணெய் ஈடாகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும், கறுக்கும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கரைப்பான் கொண்டு துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். கரியையும் செம்மண்ணையும் மென்ற சால்மன் முட்டையில் குழைத்துத் தீட்டிய பழைய பூச்சு அது. மங்கலாக இருப்பதே அதன் இயல்பு. தயவுசெய்து அதை அழுக்கு என்று நினைக்காதீர்கள்.

மூலை விட்டிருந்தால் பசை போடாதீர்கள். ஒரே சிவப்பு சீடர் பலகையில் மூன்று இடங்களில் பள்ளம் வெட்டி, ஆவியில் வளைத்து, நான்காம் மூலையை மர ஆணியாலோ ஸ்ப்ரூஸ் மரத்தின் வேராலோ பிணைத்திருப்பார்கள். பசையால் இறுக்கினால் சுருங்க வழியில்லாமல் பலகை வேறிடத்தில் பிளக்கும். மூடி விளிம்பில் பதித்த கடல்நத்தையின் வாயை மூடும் சிறு ஓடு கழன்றால் ஓர் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள், போதும்.

உப்புத்தாள் கூடவே கூடாது. வண்ணம் போவது ஒருபுறம், சீடர் தூசி ஆஸ்துமாவையும் தரும். பழைய சேகரிப்புகளிலிருந்து வந்த பெட்டியில் பூச்சிக்காக ஆர்செனிக்கோ பாதரசமோ தூவியிருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குழந்தைகளின் பொம்மைகளை அதில் போட்டு வைப்பவர்களைப் பார்த்தால் பதறுகிறது.

இவை தலைவர்களின் சடங்கு உடைகளும் குடும்பச் செல்வமும் இருந்த பெட்டிகள். 1862இன் பெரியம்மை ஊர் ஊராக மக்களைக் கொண்டுபோனது. 1885 முதல் 1951 வரை பொட்லாட்ச் என்னும் விருந்தும் பரிசளிப்பும் கொண்ட சடங்குக்கே சட்டத்தடை. அந்தக் காலத்தில் எத்தனையோ பெட்டிகள் தீவுகளைவிட்டு வெளியேறின. செய்தவர்களின் வாரிசுகள் இன்றும் அந்தத் தீவுக்கூட்டமான ஹைடா குவாயில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் ஹீட்டரையும் ஜன்னல் வெயிலையும் விட்டுத் தள்ளி வையுங்கள். நான்கு பக்கமும் படமெடுத்து, எதையும் தொடுமுன் ஸ்கிடகேட்டில் உள்ள ஹைடா குவாய் அருங்காட்சியகத்தாரிடம் கேளுங்கள்.