கிரிக்கெட் பந்தும் துப்பாக்கிக் குண்டும்

கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. முகாமில்தான் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டேன். பாயிண்ட் டூ-டூ ரைஃபிள். இருபத்தைந்து கஜம் தள்ளி ஒரு மரச்சட்டம், அதில் ஒட்டிய காகித டார்கெட். குப்புறப் படுத்து, கட்டையைத் தோளோடு அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை இழுத்தேன். சினிமா பார்த்து வளர்ந்த உடம்பு அல்லவா, பெரிய உதை வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. வந்தது தோளில் லேசாக ஒரு தட்டு. பின்னால் நின்ற ஹவில்தார், "அவ்வளவுதான் தம்பி, கண்ணைத் திற" என்றார்.

டார்கெட்டைப் போய்ப் பார்த்தால் அதைவிட ஏமாற்றம். காகிதத்தில் பென்சிலால் குத்தியதுபோல நான்கு ஓட்டைகள். ஐந்தாவது குண்டு எங்கே போனதோ, இன்றுவரை தெரியாது. மரச்சட்டம் நட்டது நட்டபடி நின்றது. நம் படங்களில் குண்டடி பட்டவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் விழுகிறானே, இங்கே காகிதம்கூடச் சரியாகக் கிழியவில்லையே என்று அன்றைக்கு இரவு முழுக்க அதே யோசனை.

விடை பதினோராம் வகுப்பு இயற்பியலில் இருக்கிறது. ஒரு பொருள் இன்னொன்றை எவ்வளவு தள்ளும் என்பதைச் சொல்வது உந்தம்: நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது. போலீஸ் கையில் இருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலின் குண்டு சுமார் 8 கிராம். விநாடிக்கு ஏறத்தாழ 360 மீட்டர் வேகம். நிறையைக் கிலோவில் வைத்துப் பெருக்கினால் 2.9 வரும். இப்போது 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்தை ஒரு வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டரில் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தையும் விநாடிக்கு மீட்டராக மாற்றிப் பெருக்கினால் அதன் உந்தம் 6.2. பிஸ்டல் குண்டுக்கு இதில் பாதிகூட இல்லை! ஏகே-47 குண்டு கிட்டத்தட்ட அதே எடை, வேகம் மட்டும் இரு மடங்கு. அதைக் கணக்குப் போட்டாலும் 5.6தான் வருகிறது, பந்தைத் தாண்டவில்லை. பந்து தொடையில் பட்டால் பேட்ஸ்மேன் நொண்டுவார், முகம் சுளிப்பார். ஸ்டம்பைத் தாண்டிப் பறந்துபோய் விழுந்தவரை யாராவது பார்த்திருக்கிறோமா?

அந்த 2.9 முழுவதையும் 60 கிலோ எடையுள்ள ஒருவர் வாங்கிக்கொண்டாலும் அவர் உடல் விநாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். அவ்வளவே. இதற்குக் கணக்குகூட வேண்டாம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி குண்டு முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் வரவேண்டும். எதிரியைப் பத்தடி தூக்கி எறியும் துப்பாக்கி, சுட்ட கதாநாயகனையும் பத்தடி பின்னால் தூக்கி எறிந்திருக்கும்.

அப்படியென்றால் குண்டு எதனால் கொல்கிறது? ஆற்றல் வேறு கணக்கு. அதில் வேகம் இரு முறை பெருக்கப்படுவதால், பந்துக்கு 120 ஜூல் என்றால் அந்தச் சின்னக் குண்டுக்கு 520 ஜூல். அதுவும் சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் மொத்தமாக இறங்குகிறது. பந்து தள்ளும், குண்டு துளைக்கும். மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால் ஆள் நின்ற இடத்திலேயே துணி மாதிரி சரிவார். மற்ற இடங்களில் பட்டால் ரத்தம் போகப்போகத்தான் தளர்ச்சி. குண்டு பட்டதே தெரியாமல் ஓடியவர்கள் உண்டு. 'ஒரு குண்டு, அடுத்த நொடி மரணம்' என்பதும் திரைக்கதைக்காரர்களின் வசதிதான். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டு, பிறகு தன்னையும் சுட்டுக்கொண்ட சம்பவம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். காதோரமும் கழுத்திலும் மிக அருகிலிருந்து பாய்ந்த குண்டுகள். இருவருமே பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழைய குரலாகத் திரும்பவில்லை.

முகாமுக்குத் திரும்புகிறேன். சுட்டு முடித்ததும் காலி பித்தளைக் கூடுகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். பத்துப் பேர், ஆளுக்கு ஐந்து, ஆக ஐம்பது. அன்றைக்கு நாற்பத்தொன்பதுதான் இருந்தது. அந்த ஒன்றுக்காக அரை மணி நேரம் புல்லைக் கையால் தடவித் தேடினோம். கடைசியில் ஒருவனுடைய மடித்த சட்டைக் கைக்குள் இருந்தது. நாம் 'தோட்டா பாய்ந்தது' என்று சாதாரணமாகச் சொல்கிறோம், செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது. ஆனால் தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி விடும் மருந்து, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. பாய்வது அந்த முனைக் குண்டு மட்டும். கூடு நம் பக்கமே தெறித்து விழும். போஸ்டர்களிலும் விளம்பரங்களிலும் முழுத் தோட்டாவே காற்றில் பறந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம், பார்சலை உறையோடு விழுங்குபவரைப் பார்ப்பதுபோல் இருக்கும் எனக்கு.

பொட்டலத்துக்குள் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. காற்றே இல்லாத விண்வெளியில் துப்பாக்கி வெடிக்காது, தீ எரிய ஆக்ஸிஜன் வேண்டுமே என்று நன்கு படித்தவர்களே சொல்வார்கள். சிவகாசிக்காரர்கள் இதற்கு ஏமாற மாட்டார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி என்ற பழைய கருமருந்துக் கலவையில் முக்கால் பங்கு வெடியுப்பு இருப்பதே ஆக்ஸிஜனுக்காகத்தான். 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியே உருவாக்கிய புகையில்லா வெடிமருந்தில் நைட்ரோசெல்லுலோஸின் மூலக்கூறே ஆக்ஸிஜனைச் சுமந்திருக்கிறது. எரியத் தேவையானதைத் தோட்டா கையோடு கொண்டுபோகிறது. 1975 ஜனவரியில் சோவியத் ஒன்றியம் சல்யூட்-3 விண்வெளி நிலையத்தில் பொருத்தியிருந்த பீரங்கியைச் சுட்டே பார்த்துவிட்டது. பின்னுதையில் நிலையம் நகர்ந்துவிடாமல் இருக்க அதே நேரத்தில் உந்துபொறிகளையும் இயக்கவேண்டியிருந்ததாம்.

இனி சைலன்சர். வில்லன் பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து நிதானமாகத் திருகுவான். அப்புறம் 'புஸ்க்' என்று ஒரு சத்தம், பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. சைக்கிள் டியூபில் காற்று இறங்கினாலே அதைவிடச் சத்தமாக இருக்கும்.

பைக்கின் புகைபோக்கிக்கு நாம் வைத்திருக்கும் பெயரும் சைலன்சர்தான். இரண்டுக்கும் வேலை ஒன்றே, இரண்டிலும் கைவைத்தவர் ஒருவர் உண்டு. 1909இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை பெற்ற ஹிராம் பெர்சி மேக்சிம், மோட்டார் வண்டி எஞ்சின்களின் சத்தத்தை அடக்கும் கருவிகளையும் உருவாக்கினார். இவருடைய அப்பா ஹிராம் மேக்சிம், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். அந்தச் சத்தத்திலேயே கிடந்து காது மந்தமாகிப் போனவர். அப்பா கிளப்பிய சத்தத்தை அடக்க மகன் புறப்பட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

குழாய்க்குள் வரிசையாகத் தடுப்புகள், தடுப்புகளுக்கு இடையே சிறு அறைகள். குண்டின் பின்னால் கொதித்துக்கொண்டு வரும் வாயு ஒரே பாய்ச்சலாக வெளியே வெடிக்காமல், அறை அறையாக விரிந்து, குளிர்ந்து, சாவகாசமாக வெளியேறும். இப்படிக் குறைவது சுமார் 20 முதல் 35 டெசிபல். பெரிய குறைவுதான், காதைக் காப்பாற்றும். ஆனால் துப்பாக்கிச் சத்தம் தொடங்குவதே 140க்கு மேல், பல ரைஃபிள்களில் 160ஐத் தாண்டும். 160இல் 30 போனாலும் மிச்சம் 130. நம் நாட்டில் தீபாவளிப் பட்டாசுக்கு நான்கு மீட்டர் தூரத்தில் அனுமதித்திருக்கும் உச்சம் 125 டெசிபல். அளக்கும் தூரமும் முறையும் வேறுதான், ஆனாலும் பக்கத்து அறைக்காரர் தூங்கிக்கொண்டிருக்க மாட்டார் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

இதோடு சைலன்சர் தொடவே முடியாத ஒரு சத்தமும் உண்டு. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதைவிட வேகமாகப் போகும் குண்டு, வழி நெடுகச் சாட்டை சொடுக்குவதுபோல் ஓர் அதிர்வலையை இழுத்துக்கொண்டே போகும். குழாய் முனையில் எதை மாட்டினால் என்ன, அந்தச் சத்தம் பிறப்பது அதற்கு வெளியே. ரிவால்வரில் சைலன்சர் மாட்டுவது இன்னும் வேடிக்கை. தோட்டாக்கள் சுழலும் உருளைக்கும் குழாய்க்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, வாயு அந்த வழியாகவே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ரஷ்யாவின் பழைய நாகாந்த் ரிவால்வர் மட்டும் விதிவிலக்கு. அதில் சுடும்போது உருளை முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துவிடும்.

காரின் பெட்ரோல் டேங்க்கைச் சுட்டதும் கார் தீப்பந்தாகி வானத்துக்குப் போவது, சண்டை இயக்குநர்களின் பிரியமான காட்சி. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தால்தான் பற்றும். டேங்க்குக்குள் ஆவி அதைவிட அடர்த்தி, காற்று போதாது. ஈயமும் அதன்மேல் போர்த்திய செம்பும் இரும்பில் உரசிப் பொறி விடும் உலோகங்களும் இல்லை. ஆக, ஓட்டை விழும், பெட்ரோல் ஒழுகும், விலை ஏறியிருக்கும் இந்த நாளில் அழுகை வரும். கார் கதவுக்குப் பின்னால் பதுங்குவதும் வீண், அது மெல்லிய தகரம். குண்டை நிறுத்தும் கனம் எஞ்சின் இருக்கும் பக்கத்தில்தான் உண்டு.

தண்ணீருக்குள் குதித்துத் தப்புவது மட்டும் ஓரளவு நடக்கக்கூடியது. நீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு. எதிர்ப்போ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதனால் அதிவேக ரைஃபிள் குண்டுதான் நீரில் பட்டதும் முதலில் சிதறிப்போகிறது. மெதுவான பிஸ்டல் குண்டு அதைவிட ஆழம் போகும். நார்வே இயற்பியலாளர் ஆண்ட்ரியாஸ் வால் ஒரு நீச்சல் குளத்துக்குள் ரைஃபிளைப் பொருத்தி, அதன் எதிரே தானே நின்று, கயிறால் விசையை இழுத்தார். குண்டு சிறிது தூரம் வந்து, வேகமிழந்து, அடியில் போய்ச் சேர்ந்தது. கணக்கின்மேல் அத்தனை நம்பிக்கை! எனக்கு அந்த அளவுக்கு இல்லை.

வட இந்தியக் கல்யாண ஊர்வலங்களில் வானத்தைப் பார்த்துச் சுடும் பழக்கத்துக்குப் பின்னாலும் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. மேலே போனது மேலேயே போய்விடும், அல்லது சும்மா கூழாங்கல் மாதிரி விழும் என்று நினைப்பு. இதற்கு நேர் எதிராக, மேலே போன அதே வேகத்தில் திரும்பும் என்று நினைப்பவர்களும் உண்டு. காற்று இல்லாவிட்டால் அது சரி. உண்மை இரண்டுக்கும் நடுவில். முதல் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க ராணுவ அதிகாரி ஜூலியன் ஹேட்சர் ஃபுளோரிடாவில் கடலோரம் ஒரு மேடை போட்டு, இயந்திரத் துப்பாக்கியை நட்டமாக நிறுத்திச் சுட்டுப் பார்த்தார். ஐந்நூறு குண்டுகளுக்கு மேல் சுட்டதில் மேடையில் வந்து விழுந்தவை நான்கே. மற்றவற்றைக் காற்று எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது. விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பிய குண்டு சுமார் 2,700 மீட்டர் உயரம் ஏற 18 விநாடி, இறங்க 31 விநாடி. தரைக்கு வரும்போது வேகம் விநாடிக்கு 90 மீட்டர். காற்றின் எதிர்ப்பும் எடையும் சமமாகிவிடுவதால் அதற்குமேல் ஏறாது. பலகையில் விழுந்தது சின்னக் குழி மட்டும்.

குழிதானே என்று விட்டுவிட முடியாது. மண்டையோட்டைத் துளைக்க விநாடிக்கு 60 மீட்டர் அளவே போதும் என்கிறது மருத்துவக் கணக்கு. அதோடு, ஊர்வலத்தில் யார் நட்டமாகப் பிடித்துச் சுடுகிறார்கள்? சாய்த்துச் சுட்ட குண்டு வளைந்து போய், பெருமளவு வேகத்தோடே எங்கோ ஒரு மொட்டைமாடியில் இறங்கும். 2019இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம் இந்தக் கொண்டாட்டச் சூட்டைத் தனிக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

கடைசியாக, 'குண்டை எடுத்தால்தான் பிழைப்பார்'. டாக்டர் இடுக்கியால் குண்டை எடுத்துக் கிண்ணத்தில் 'டிங்' என்று போடுவார், நோயாளி கண் திறப்பார். நிஜத்தில் ரத்தத்தை நிறுத்துவதும் கிழிந்ததைத் தைப்பதும்தான் அவசரம். தசையில் தங்கிய குண்டைச் சுற்றி உடம்பே ஒரு உறை போட்டுவிடும். மூட்டுக்குள் இருந்தால் அங்குள்ள திரவம் ஈயத்தைக் கரைக்கும் என்பதால் எடுப்பார்கள்.

இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா ஒரு ஜனாதிபதியைப் பறிகொடுத்தது. 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டார்கள். குண்டு முக்கிய உறுப்பு எதையும் தொடாமல் கணையத்தின் அருகே போய்ச் சும்மா கிடந்தது. டாக்டர்களோ கழுவாத விரல்களை விட்டு வாரக்கணக்கில் அதைத் தேடினார்கள். தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் உலோகம் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்து எடுத்து வந்தார். படுக்கையில் இருந்த உலோகச் சுருள்கள் அதைக் குழப்பின. தலைமை டாக்டரோ வலப்பக்கம் மட்டும் தேடவிட்டார், குண்டு இருந்தது இடப்பக்கம். செப்டம்பர் 19 அன்று சீழ் பிடித்தே கார்ஃபீல்டு இறந்தார்.

முப்பத்தொரு ஆண்டு கழித்து, 1912 அக்டோபர் 14 அன்று மில்வாக்கியில் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் நெஞ்சில் சுட்டார்கள். சட்டைப் பையில் இருந்த எஃகுக் கண்ணாடிக் கூட்டையும், மடித்து வைத்த ஐம்பது பக்கப் பேச்சுத் தாளையும் துளைத்துக்கொண்டு குண்டு உள்ளே போனது. அவர் கையில் இருமிப் பார்த்தார். ரத்தம் வரவில்லை, நுரையீரல் தப்பியது என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, ரத்தம் கசிந்த சட்டையோடு மேடையேறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர்கள் குண்டைத் தொடவேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 1919இல் அவர் தூக்கத்தில் இறந்தபோதும் அது நெஞ்சுக்குள் அதே இடத்தில்தான் இருந்தது.