மேல் செட் நிற்கிறது, கீழ் செட் ஏன் ஆடுகிறது?

வேலூர்ப் பக்கத்தில் பல் போன பெரியவர்களுக்குக் கேழ்வரகுக் களி பெரிய ஆறுதல். மெல்லவே வேண்டாம், உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிடலாம். ஆம்பூர் பிரியாணியில் கறித்துண்டு வரும்போதுதான் பல் செட் ஞாபகம் வரும். போட்டுக்கொண்டவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "மேல் செட் பரவாயில்லை, கீழ் செட்தான் நிக்க மாட்டேங்குது."

செய்து கொடுத்தவரைத் திட்டும் முன் வாயின் அமைப்பைப் பாருங்கள். முழு செட்டைப் பிடித்து நிறுத்துவதில் எச்சிலுக்குப் பெரிய பங்கு. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எளிதில் பிரியாதே, அதே விஷயம். செட்டின் தட்டுக்கும் ஈறுக்கும் நடுவே எச்சில் மெல்லிய படலமாகப் பரவும். ஓரங்கள் சரியாகப் பொருந்தினால் காற்று உள்ளே புகாது. மேல் செட் அண்ணத்தை மூடுவதால் பிடிப்புக்கு இடம் தாராளம். கீழே நடுவில் நாக்கு இருக்கிறதே! லாட வடிவத்தில் ஒல்லியான தட்டுதான் வைக்க முடியும். அதையும் பேசும்போதெல்லாம் நாக்கு தள்ளும். சில மாத்திரைகளால் வாய் உலர்ந்தால் மேல் செட்டும் தளரும்.

அப்புறம் எலும்பு. பல்லைப் பிடுங்கியதும் வேரைத் தாங்கிய தாடை எலும்பு கரையத் தொடங்கும். முதல் ஆண்டில்தான் வேகம் அதிகம். பல் இல்லாத கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் கூடுதலாகத் தேயும். அதனால்தான் நன்றாகப் பொருந்திய செட்கூடச் சில வருடங்களில் ஆடுகிறது. உள்பக்கம் புதிதாக அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கைப் பூசி மறுபடி பொருத்தலாம்.

சில பற்கள் மிச்சம் இருந்தால் பகுதி செட். அக்ரிலிக் தட்டும் கம்பிக் கொக்கியும் மலிவு. கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டம் மெல்லியது, உறுதியானது. மெல்லும் பாரத்தில் ஒரு பங்கை மிச்சப் பற்கள்மேல் இறக்கும். நைலானில் கம்பி தெரியாது, ஆனால் பிறகு திருத்துவது சிரமம். என்னைக் கேட்டால், கீழே நல்ல பல் இரண்டு இருந்தால்கூட அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. வேரை மட்டும் விட்டுவைத்து அதன்மேல் செட் போடுவதும் உண்டு. வேர் இருக்கும் இடத்தில் எலும்பு அவ்வளவாகக் கரையாது.

இன்னொரு வழி இம்பிளான்ட், அதாவது தாடை எலும்புக்குள் பொருத்தும் செயற்கை வேர். டைட்டானியம் உலோகம் எலும்போடு பிணைந்துகொள்ளும் என்று கண்டவர் ஸ்வீடன் ஆய்வாளர் பிரோனெமார்க். 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். எல்லாப் பல்லுக்கும் இம்பிளான்ட் வைக்கத் தேவையில்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டு பொருத்தி, அதன்மேல் செட்டை மாட்டிக் கழற்றும்படி செய்தாலே ஆட்டம் பெருமளவு குறையும்.

எந்த வகையானாலும் கழற்றும் செட்டை இரவில் எடுத்துச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் வேண்டாம், அக்ரிலிக் நெளிந்துவிடும்.