ஆக்சஸ் பாயிண்ட்: அணுகுபுள்ளி என்பதா, அணுகுமுனை என்பதா?

"மாடியில நாலு கோடும் ஃபுல்லா இருக்குப்பா, ஆனா ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்கு" என்று சித்தி போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த பாக்ஸ் சித்தி?" என்பதுதான். "வைஃபை பாக்ஸ்தான்" என்றார். அந்த வீட்டில் அப்படி மூன்று பெட்டிகள் இருந்தன. கேபிள்காரர் ஃபைபர் இழுத்து மாட்டிய வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து ஒயர் போகும் கறுப்புப் பெட்டி, பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்து மாடியில் வைத்திருந்த இன்னொரு பெட்டி. மூன்றுக்கும் வீட்டில் ஒரே பெயர். சித்தப்பா மட்டும் மூன்றையும் "மோடம்" என்பார். பெயர் ஒன்றாக இருந்தால் பழுது எதில் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது பெட்டியின் பெயரைப் பற்றியது, அதாவது ஆக்சஸ் பாயிண்ட்.

முதலில் மூன்றையும் பிரித்துவிடலாம். மோடம் என்பது மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொற்களின் தலையை வெட்டி ஒட்டிய சொல். வெளியிலிருந்து கம்பி வழியே வரும் குறிப்பலையை நம் கருவிகளுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றித் தருவது அதன் வேலை, தமிழில் இணக்கி என்கிறார்கள். இப்போது ஃபைபர் வந்துவிட்டதால் அந்த இடத்தில் ஒளியை மின்சாரக் குறியாக மாற்றும் பெட்டி உட்கார்ந்திருக்கிறது, கறாராகப் பார்த்தால் அது பழைய பொருளில் மோடம் கிடையாது, ஆனால் பேச்சில் மோடம்தான். ரௌட்டர் என்பது எந்தத் தகவல் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று பார்த்து வழி அனுப்புவது. ரூட் என்ற சொல்லின் வேர் இலத்தீன் 'ருப்தா', உடைக்கப்பட்டது என்று பொருள். காட்டை வெட்டிப் போட்ட பாதை. நாமும் வழி வெட்டுவது என்றுதான் சொல்கிறோம். தமிழில் ரௌட்டருக்குத் திசைவி என்ற பெயர் நிலைத்துவிட்டது. அது காட்டுவது திசையை அல்ல, தடத்தை. பேருந்துக்கு வழித்தடம் என்று அழகாகச் சொல்லத் தெரிந்த நாம் இதற்குத் தடத்தை வைத்து ஒரு சொல் செய்திருக்கலாம் என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஆனாலும் மூன்றே எழுத்து, வாயில் நிற்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆக்சஸ் பாயிண்ட் இந்த இரண்டு வேலையையும் செய்யாது. ஒரு பக்கம் கம்பி, மறு பக்கம் காற்று, நடுவில் பாலம். அவ்வளவுதான். கம்பியில்லா வலையமைப்புக்காக 1997இல் வெளிவந்த 802.11 என்ற தரநிலையிலேயே இந்தப் பெயர் இருக்கிறது: கம்பியில்லாமல் வருகிற கருவிகளைப் பின்னால் இருக்கும் வலையமைப்போடு சேர்த்துவிடும் இடம். அன்றைக்கு அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். வைஃபை என்ற பெயர் அப்போது பிறக்கவே இல்லை. 1999இல்தான் இண்டர்பிராண்ட் என்ற பெயர் சூட்டும் நிறுவனத்திடம் காசு கொடுத்து, துல்லியமான ஒலியைக் குறிக்கும் ஹைஃபை என்ற சொல்லின் ஓசையில் அதை உருவாக்கினார்கள். 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்பதன் சுருக்கம் என்று பாடப்புத்தகம் வரை எழுதுகிறார்களே, அது பின்னால் ஒட்டவைத்த விளம்பர வாசகம். பெயர் வைத்த கூட்டமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஃபில் பெலஞ்சரே அதற்கு விரிவு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆக வைஃபையைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க வழியே கிடையாது, பொருளைப் பார்த்துப் புதுசாகத்தான் ஒரு பெயர் வைக்க வேண்டும்.

அப்படி வைத்த பெயர்தான் அருகலை. அருகு, அலை. வாட்ஸாப்பில் வருஷத்துக்கு நாலு தடவை சுற்றிவரும் அந்தச் சொற்பட்டியலில் பார்த்திருப்பீர்கள்: புளூடூத்துக்கு ஊடலை, ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை, ஆன்லைனுக்கு இயங்கலை. இயங்கலை என்று எழுதிவைத்தால் 'இயங்கவில்லை' என்று படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். ஊடலையைப் பார்த்தால் யாரோ யாரோடோ ஊடல் கொண்ட மாதிரி இருக்கிறது, புளூடூத் ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதுவும் சரியாகவே படும். இந்தக் கூட்டத்தில் அருகலை மட்டும் எனக்குப் பிடிக்கும். காரணம், அருகு என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று பக்கம். இன்னொன்று குறைதல்: அருகிவரும் பறவையினம், அருகிய வழக்கு என்கிறோமே, அது. பக்கத்தில் இருந்தால் கிடைக்கும், தள்ளிப் போகப் போக அருகும். இந்த அலையின் குணம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது, உருவாக்கியவர் இரண்டையும் நினைத்துச் செய்தாரோ என்னவோ, நன்றாக அமைந்துவிட்டது.

எதனால் அருகுகிறது என்பது வீட்டைச் சுற்றிப் பார்த்தால் தெரியும். செங்கல் சுவர் கொஞ்சம் விழுங்கும், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் நிறைய விழுங்கும், இரும்பு பீரோ கதவைச் சாத்துவதுபோல மறித்துவிடும். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும், அதனால் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே வேலை செய்வதால் அது ஓடும்போது சமையலறையில் வீடியோ திக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேகம் அதிகம், ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். நம் ஆட்கள் பெட்டியைக் கொண்டுபோய் டிவி ஷோகேஸுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள், மேலே ஒரு துணியும் போட்டு. அழகாக இருக்கும், சிக்னல் போகாது.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. நிமிர்ந்து நிற்கும் குச்சி ஆண்டெனாவிலிருந்து அலை பரவும் வடிவம் ஏறக்குறைய ஒரு மெதுவடை. சுற்றுவட்டத்தில் தடியாக, நடுவில் ஓட்டை. குச்சி அந்த ஓட்டைக்குள் நிற்கிறது. ஆக, பெட்டிக்கு நேர் மேலே இருக்கும் மாடி அறைக்கு வடையின் ஓட்டைதான் கிடைக்கும். இரண்டு ஆண்டெனா இருந்தால் ஒன்றைப் படுக்கையாகச் சாய்த்துப் பாருங்கள், சில வீடுகளில் அதுவே போதும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆக்சஸ் என்பதன் வேர் இலத்தீனில் 'ஆட்' என்ற முன்னொட்டும் 'கேதெரே' என்ற வினையும் சேர்ந்தது. ஒன்றை நோக்கி நடத்தல், அதாவது அப்பட்டமாக நம்முடைய அணுகுதல். இதில் ஒரு வேடிக்கை, ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் நுழைந்தபோது காய்ச்சல் வந்து தாக்குவதையும் குறித்தது. நாமும் "நோய் நொடி அணுகாமல் இருக்கணும்" என்றுதான் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள் காய்ச்சலுக்கு ஒரே வினையைப் பிடித்திருக்கின்றன. அணுகு பழைய சொல். 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்ற 691ஆம் குறளில் அது அகலுக்கு நேர் எதிராக நிற்கிறது. அதிலிருந்து வந்த அணுக்கம் கல்லிலும் இருக்கிறது: தஞ்சைப் பெரிய கோயிலில் கேரளாந்தகன் வாயில், இராசராசன் வாயில் என்று இரண்டு கோபுரங்களையும் கடந்து போனால் அடுத்து வருவது திருவணுக்கன் திருவாயில். கருவறையை நெருங்கும் வாயில். ஆக்சஸ் பாயிண்டுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரு பெயர்ப்பலகை இருந்திருக்கிறது என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்போல.

சிக்கல் பாயிண்டில்தான். அணுகுபுள்ளி, அணுகல் புள்ளி, அணுக்கப் புள்ளி என்று பலவிதமாக எழுதுகிறார்கள், எல்லாவற்றிலும் புள்ளி மாறாமல் இருக்கிறது. பாயிண்ட் என்றால் புள்ளி என்று அகராதியைப் பார்த்துப் போட்டது. ஆனால் தமிழில் புள்ளிக்கு யாராவது போவார்களா? புள்ளி மெய்யெழுத்தின் தலையில் இருக்கும், கோலத்தில் இருக்கும், மானின் முதுகில் இருக்கும். இல்லாவிட்டால் ஆளாக இருக்கும்: முக்கியப் புள்ளி, பெரும்புள்ளி. அணுகுபுள்ளி என்று கேட்டால் எனக்கு, பட்டா மாற்ற வேண்டுமானால் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதற்கான விடை மாதிரிதான் ஒலிக்கிறது. போய்ச் சேரும் இடத்துக்கு நம்மிடம் வேறு சொற்கள் உண்டு. வாயில் நன்றாகப் பொருந்தும், ஆனால் வலையமைப்பிலிருந்து வெளியே போகும் வழியான கேட்வே என்பதற்கு நுழைவாயில் என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள், அதே துறையில் இரண்டு வாயில் வைத்தால் குழப்பம். துறை இன்னும் அழகு, ஆற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளும் இடம் படித்துறை, இங்கே அலை மொள்ளும் இடம். ஆனால் அலைத்துறை என்றதும் அது ஏதோ அரசாங்க அலுவலகம் ஆகிவிடுகிறது. மிச்சம் முனை. தெருமுனை, மின்முனை. ஒரு கம்பி ஓடிவந்து முடிகிற இடமும் முனைதான், இந்தக் கருவி சரியாக அங்கேதான் உட்கார்கிறது. ஆகவே என் ஓட்டு அணுகுமுனைக்கு. பேச்சில் வெறும் முனை என்றாலே போதும்.

வயர்லெஸ் என்பதைப் பெயரோடு சேர்த்துக் கம்பியில்லா அணுகுமுனை என்று நீட்ட வேண்டியதில்லை. அதுவும் ஒரு ஏமாற்றுப் பெயர். நமக்கும் முனைக்கும் நடுவில்தான் கம்பி இல்லை, முனைக்குப் பின்னால் கட்டாயம் ஒரு கம்பி வேண்டும். ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் பல பேர். அது காற்றில் வாங்கிக் காற்றிலேயே திருப்பிக் கொடுப்பது, ஒரே ரேடியோவில் இரண்டு வேலையும் நடந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், ஒரு வீட்டுக்கு அது தாராளம். அலுவலகக் கூரையில் வட்டமாக ஒட்டியிருக்கும் வெள்ளைத் தட்டு பார்த்திருப்பீர்கள், அது அசல் அணுகுமுனை, அதற்குப் பெரும்பாலும் மின்சாரமே அந்தக் கேபிளில்தான் வருகிறது.

இனி சித்தி வீடு. ஞாயிற்றுக்கிழமை போனேன். மாடிப் பெட்டிக்குக் கீழிருந்து ஒயர் ஒழுங்காக வந்திருந்தது. சித்தியின் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தால் முகவரி 192.168.0.103, நுழைவாயில் 192.168.0.1. கீழே ஹாலில் சித்தப்பாவின் போனில் 192.168.1.104. மூன்றாவது எண் ஒன்றில் 0, இன்னொன்றில் 1, அதாவது இரண்டு போனுக்கும் முகவரி கொடுத்தது ஒரே பெட்டி அல்ல. அங்கேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. மாடியில் இருந்தது பழைய திசைவி, அதை முனையாக மாற்றாமல் திசைவியாகவே செருகியிருக்கிறார்கள். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் கொடுக்கும் வேலையை டிஹெச்சிபி என்கிறார்கள். அதைக் கீழே இருக்கும் பெட்டியும் செய்கிறது, மேலே இருக்கும் பெட்டியும் செய்கிறது. ஒரே டாக்டருக்கு இரண்டு கவுண்டரில் டோக்கன் கொடுத்த கதை. யார் முந்திக் கொடுக்கிறார்களோ அந்த டோக்கன். மேல் பெட்டியின் டோக்கன் கிடைத்தவர்கள் இணையத்துக்கு வழி கேட்டு மேல் பெட்டியிடமே போய் நிற்பார்கள், அதற்கோ வெளியே போக வழியே கிடையாது. சித்தி "சில நேரம் வருது, சில நேரம் வரலை" என்று புலம்பியதற்கு இதுதான் அர்த்தம். நாலு கோடு காட்டுவது போனுக்கும் முனைக்கும் நடுவில் இருக்கும் நெருக்கத்தை மட்டும்தான், அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அந்தக் கோடுகளுக்குத் தெரியாது.

லேப்டாப்பை மாடிப் பெட்டியில் செருகி அதன் அமைப்புப் பக்கத்தில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக்கினேன், டிஹெச்சிபியை அணைத்தேன். கீழே இருந்து வரும் ஒயர் லேன் (LAN) ஓட்டையில், அதாவது வீட்டுக் கருவிகளுக்கான ஓட்டையில், இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. வெளி இணைப்புக்கான வேன் (WAN) ஓட்டையில் செருகினாலும் நெட் வரும், ஆனால் மாடி ஒரு தனித் தீவாகிவிடும், அங்கிருந்து கீழே இருக்கும் பிரிண்டர் கண்ணுக்கே தெரியாது. அப்புறம் இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். சேனல், அதாவது அலை ஓடும் தடம், மட்டும் கீழே 1, மேலே 11. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கும், 3, 4 என்று வைப்பவர்கள் இரண்டு பக்கமும் சண்டை வாங்குகிறார்கள். இவ்வளவுக்கும் காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. ஒரு குறை மட்டும் தீரவில்லை, சித்தப்பா மாடிக்கு ஏறினாலும் அவர் போன் கீழ்ப் பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. எப்போது விட்டு மாறுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது, முனை அல்ல. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும் முன் ஸ்கெட்ச் பேனாவால் மூன்று பெட்டியிலும் எழுதி ஒட்டினேன்: இணக்கி, திசைவி, முனை. சித்தி சிரித்தார். அடுத்த வாரம் மழையில் நெட் போனது. போன் வந்தது: "முனையில பச்சை எரியுது, திசைவியும் சரியா இருக்கு, இணக்கியில எல்ஓஎஸ்னு சிவப்பா மின்னுதுப்பா." அப்படியென்றால் ஃபைபரில் ஒளியே வரவில்லை, வெளியே எங்கோ அறுந்திருக்கிறது, வீட்டுக்குள் எதையும் அணைத்துப் போட வேண்டாம், கேபிள்காரரைக் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டிருக்கிறார். சித்தி அதே விவரத்தை அப்படியே ஒப்பிக்க, அவர் கேட்டாராம், "முனைன்னா எந்தத் தெருமுனைம்மா?"