பித்தநாளத்துக்கு எதற்குக் குடல்?

பித்தப்பையை எடுக்கும்போது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளம் வெட்டுப்பட்டுவிட்டால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் போதாதா, எதற்குக் குடலை வெட்டி மேலே கொண்டுபோகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தைக்கலாம்தான், ஆனால் பெரும்பாலும் நிலைக்காது. நாளத்தின் விட்டமே சுமார் 6 மி.மீ. அதன் சுவருக்கு ரத்தம் தருபவை இரு பக்கமும், கடிகாரத்தில் 3 மணியும் 9 மணியும் இருக்கும் இடத்தில், ஓடும் நூல் போன்ற தமனிகள். அந்த ரத்தத்தில் பாதிக்கு மேல் கீழிருந்து மேலே ஏறுகிறது. நாளம் அறுந்தால் மேல்துண்டுக்கு வரத்து குறையும். மின்கத்தியின் சூடும் பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ரத்தம் போதாத திசு தழும்பாகச் சுருங்கி வழியை அடைத்துவிடும். அதனால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் இடம்வரை, கல்லீரலின் வாயிலை ஒட்டி, மேலே போய் வெட்டுகிறார்கள். அங்கிருந்து கீழ்முனை எட்டாது. இழுத்துத் தைத்தால் தையல் பிய்யும்.

இங்கேதான் சுவிஸ் அறுவை நிபுணர் சேசார் ரூவின் உத்தி வருகிறது. 1890களில் அவர் அதை இரைப்பைக்காகச் செய்தார். நடுச்சிறுகுடலை, அது தொடங்கும் இடத்திலிருந்து 20-30 செ.மீ. தள்ளி வெட்டுகிறார்கள். கீழ்ப்பக்கத் துண்டின் முனையை மூடி, கல்லீரலுக்கு அடியில் கொண்டுவந்து, பக்கவாட்டில் நாளத்தின் அளவுக்கே ஒரு துளை போட்டு, உட்சவ்வோடு உட்சவ்வு பொருந்தும்படி தைக்கிறார்கள். 5-0 அல்லது 6-0 அளவுள்ள மிக மெல்லிய, தானே கரையும் ஒற்றையிழை நூல், முடிச்சுகள் வெளியே. கரையாத பட்டுநூல் உள்ளே தங்கினால் அதைச் சுற்றியே கல் வளரும். உணவு வரும் மேல்துண்டை இந்தத் தையலிலிருந்து 40-60 செ.மீ. கீழே இணைத்தால் ஆங்கில 'ஒய்' எழுத்து கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது அந்த 40-60 செ.மீ.தான். அதன் வழியாக உணவு போவதில்லை, பித்தநீர் மட்டுமே போகிறது. குடலின் அலை அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருப்பதால், உணவும் கிருமியும் நாளத்துக்கு ஏறுவது அரிது. பேச்சில் பித்தம் தலைக்கேறலாம். உடம்பில் அது இறங்கத்தான் வேண்டும். குட்டையாக விட்டால் உணவு எதிரேறி நாளத்தில் தொற்று வரும். இன்னொரு நுணுக்கம்: இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடல் நிமிடத்துக்குச் சுமார் 12 மின் அலைகளால் தாளம் போடுகிறது. வெட்டியதும் துண்டு அந்தத் தாளத்தை இழந்து, தன் மெதுவான தாளத்துக்கு மாறுகிறது. சில சமயம் அலை எதிர்த்திசையில் ஓடித் தேக்கமும் உண்டாகும்.

குடலைப் பிடித்து வைத்திருக்கும் சவ்வான குடல்தாங்கியில் விழுந்த இடைவெளிகளைத் தைத்து மூடாவிட்டால், பின்னாளில் குடல் அதற்குள் நுழைந்து முறுக்கிக்கொள்ளும்.

முதல் சீரமைப்புதான் வெற்றிக்கு நல்ல வாய்ப்பு. அனுபவம் இல்லாதவர் அதே மேசையில் அவசரமாகத் தைப்பதைவிட, வடிகுழாய் வைத்து, இதையே வழக்கமாகச் செய்யும் குழுவிடம் அனுப்புவதே நேர்மை என்பேன். அப்படிச் செய்தாலும், ஆண்டுகள் கழித்து நடுக்கத்தோடு காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வந்தால் இணைப்பு சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்வழி எண்டோஸ்கோப் இவ்வளவு நீளம் சுற்றி எட்டுவது கடினம் என்பதால், பெரும்பாலும் விலாப்பக்கத் தோல் வழியே கல்லீரலுக்குள் ஊசி செலுத்தித்தான் அந்தச் சுருக்கத்தை விரிக்கிறார்கள்.