சுண்ணாம்பு தேய்ந்தால் கல் பிழைக்கும்

டெல்லிக்கு வரும் உறவினர்களை நாம் குதுப் மினாருக்குக் கூட்டிப்போவோம். பக்கத்திலேயே இருக்கும் மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. தில்குஷா அங்கேதான் இருக்கிறது. முகம்மது குலி கானின் எண்கோணக் கல்லறைக் கட்டடம் அது. கட்டியது 17ஆம் நூற்றாண்டில். முகலாய அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த தாமஸ் மெட்காஃப், 1840களில் சுற்றிலும் அறைகளைச் சேர்த்து அதைத் தன் ஓய்வு மாளிகையாக்கிக்கொண்டார். கல்லறைக்குள் சாப்பாட்டு அறை! என்ன மனிதரோ. அவர் சேர்த்த அறைகளில் இன்று மிஞ்சியிருப்பவை மொட்டைச் சுவர்கள்தான்.

கூரையில்லாத சுவர் இத்தனை மழைக்கு எப்படித் தாங்குகிறது? காரணம் சுண்ணாம்புச் சாந்து.

சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறும். சுவரில் பூசிய பிறகு, இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக இறுகும். தடித்த சுவரின் உட்பகுதியில் இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். வடக்கே சுர்க்கி என்ற செங்கல்பொடியையும் கலப்பார்கள். அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிவதால் ஈரத்திலும் சாந்து பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் கடுக்காயும் வெல்லமும் என்றால் இங்கே வெல்லம், வில்வப்பழக் கூழ், உளுந்து.

இந்தச் சாந்தில் நுண்துளைகள் அதிகம். உள்ளே போன மழைநீர், மண்பானையில் கசிவதுபோல வெளியே வந்து ஆவியாகிவிடும். போகிற வழியில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவந்து மயிரிழை விரிசல்களில் படியவைக்கும். விரிசல் தானாகவே அடைபடுகிறது.

சிமெண்ட் அப்படியில்லை. எளிதில் ஈரத்தை வெளியே விடாது. கல்லும் கல்லும் சேரும் இணைப்புகளில் அதைப் பூசினால், தண்ணீர் கல்லின் வழியாக வெளியேறப் பார்க்கும். கூடவே வரும் உப்பு, கல்லின் துளைகளுக்குள் படிகமாகிப் பருத்து அதைச் செதில் செதிலாக உரித்துவிடும். சுண்ணாம்பு இணைப்பில் அந்தச் சேதம் சாந்துக்குத்தான் முதலில் வரும். சாந்து போனால் புதிதாகப் பூசிக்கொள்ளலாம், கல்லுக்கு எங்கே போவது?

பழைய சுவரில் சாம்பல் நிறத்தில் கெட்டியான இணைப்பைப் பார்த்தால், அதை ஒட்டிய கல்லை ஒருமுறை கவனியுங்கள். விளிம்பு பொடிந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஹுமாயூன் கல்லறையின் கூரையில் 20ஆம் நூற்றாண்டில் கொட்டிய கான்கிரீட், பழுதுபார்த்தபோது சுமார் 10 லட்சம் கிலோ அளவுக்கு அகற்றப்பட்டது. அதன் இடத்தில் மறுபடியும் சுண்ணாம்புதான்.