ஒரே இழை, 32 வீடு

கொடுங்கையூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "5ஜி வந்தாச்சு. மொட்டைமாடியில் ஒரு டப்பாவை மாட்டினால் வீடு முழுக்க வைஃபை வந்துவிடுகிறது. அப்புறம் ஏன் இன்னும் தெருத்தெருவாக ஃபைபர் இழுக்கிறார்கள்? அரசும் ஏன் இதற்குக் கோடி கோடியாகச் செலவு செய்கிறது?"

நியாயமான கேள்வி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மொட்டைமாடி டப்பாவுக்கு சிக்னல் தருகிற டவரின் காலடிக்கும் இன்று ஊருக்குள் பெரும்பாலும் ஃபைபர்தான், அதாவது கண்ணாடி இழைக் கேபிள்தான், வருகிறது. ஃபைபர் டவரில் முடிந்தால் கடைசி சில நூறு மீட்டர் காற்றில் வரும். வீட்டுக்குள் முடிந்தால் ஹாலிலிருந்து படுக்கையறை வரைதான் காற்று. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நூறு மீட்டரில் நிறைய நடக்கிறது.

காற்றில் இடம் குறைவு. 2022ல் மத்திய அரசு 5ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டபோது நிறுவனங்கள் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அதை எடுத்தன. அதில் 5ஜிக்கு முதுகெலும்பான 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பெரிய நிறுவனங்களுக்குக் கிடைத்தது ஆளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஒரு டவரைச் சுற்றியுள்ள எல்லா போனும், எல்லா மாடி டப்பாவும் அதைத்தான் பங்கு போட வேண்டும். ஃபைபரில் நீண்ட தூரத்துக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ஒளிப்பட்டை ஒன்றின் அகலம் மட்டுமே சுமார் 4.4 டெராஹெர்ட்ஸ், அதாவது 44,000 மடங்கு. அது போதவில்லை என்றால் பக்கத்தில் இன்னொரு இழையைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது காற்றை யாரும் இழுத்துக்கொண்டு வர முடியாது.

இழைக்குள் ஒளி எப்படிப் போகிறது என்பது பள்ளியிலேயே படித்ததுதான், முழு அக எதிரொளிப்பு. நடுவில் 9 மைக்ரோமீட்டர் கண்ணாடி, அதைச் சுற்றி ஒளிவிலகல் எண் கொஞ்சம் குறைந்த கண்ணாடி. இன்றைய கண்ணாடி அவ்வளவு சுத்தம். ஒளி பாதியாகக் குறைவதற்கே 15 கிலோமீட்டர் போக வேண்டும். கண்ணாடியில் உள்ள அசுத்தத்தை நீக்கினால் இது முடியும் என்று சார்லஸ் காவ் 1966ல் சொன்னார். 2009ல் அவருக்கு நோபல் கிடைத்தது. சொன்னபோது அப்படி ஒரு கண்ணாடி உலகத்தில் எங்கேயும் இல்லை. கையில் பலன் தெரியாத காலத்திலும் இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்பேன். நம் பல்கலைக்கழகங்களில் அதற்கு ஒதுக்குவது மிகவும் குறைவு.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். "ஃபைபர் என்றால் எனக்கென்று தனி லைன்" என்று பலரும் நினைக்கிறார்கள். இணைப்பு தரும் நிறுவனத்தின் நிலையமான எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஒரே இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்கிற சின்னக் கண்ணாடிக் கிளையில் பிரிந்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ போகிறது. அந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டும் கிடையாது, மூளையும் கிடையாது. வருகிற ஒளியைக் கூறு போடுவது மட்டும்தான் அதன் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்து சேரும் ஒளியைப் பவர் மீட்டரில் (ஒளியின் அளவைக் காட்டும் கருவி) அளந்தால் "மைனஸ் இருபத்தி ரெண்டு" டிபிஎம் என்று காட்டும். அது ஒரு வாட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஆறு பங்கு. அதில்தான் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் மாமியாரின் சீரியலும் ஓடுகின்றன.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வருவதில் சிக்கல் இல்லை. கோயில் ஒலிபெருக்கி மாதிரி எல்லாருக்கும் எல்லாமே வரும். அவரவர் வீட்டில் மாட்டிய ஃபைபர் டப்பா தனக்கு வந்ததை மட்டும் பூட்டுத் திறந்து எடுத்துக்கொள்ளும். வீட்டிலிருந்து திரும்பிப் போகும்போதுதான் விஷயமே இருக்கிறது. 32 வீட்டின் ஒளியும் ஒரே இழையில் போய்ச் சேர வேண்டும். இரண்டு வீடு ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் குழம்பிவிடும். அதனால் எக்ஸ்சேஞ்ச் கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் "இந்தக் கணத்தில் ஆரம்பி, இந்தக் கணத்தில் நிறுத்து" என்று முறை போடுகிறது. லாரித் தண்ணீர் வரும்போது தெருவில் குடத்தை வரிசை வைப்போமே, அந்த மாதிரி. ஒரு சுற்று 125 மைக்ரோசெகண்ட், நொடிக்கு 8,000 சுற்று. யாருக்கு அனுப்ப நிறைய இருக்கிறதோ அவருக்கு முறை கொஞ்சம் நீளும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. கண்ணாடிக்குள் ஒளி ஒரு நானோசெகண்டில் 20 சென்டிமீட்டர்தான் போகும். ஒரு வீட்டின் ஒளி முடிவதற்கும் அடுத்த வீட்டின் ஒளி தொடங்குவதற்கும் நடுவே விடும் இடைவெளி சுமார் 26 நானோசெகண்ட். கட்டளை போய் பதில் வருவதாகக் கணக்கிட்டால் அது இரண்டரை மீட்டர் கேபிள். எனக்கும் எதிர்வீட்டுக்கும் கேபிள் நீளத்தில் ஒரு அறை அளவு வித்தியாசம் இருந்தாலே மோதிவிடும்!

இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? புது டப்பா ஒன்றை மாட்டியதும் எக்ஸ்சேஞ்ச் கருவி மற்ற எல்லாரையும் ஒரு கணம் அமைதியாக இருக்கச் சொல்லி, புதியவரைக் கூப்பிடுகிறது. பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கிறது. என் வீடு 3 கிலோமீட்டரில் இருந்தால் போய்வர 30 மைக்ரோசெகண்ட். 20 கிலோமீட்டரில் இருப்பவருக்கு 200. உடனே என் டப்பாவிடம், "நீ எப்போதும் 170 மைக்ரோசெகண்ட் பொறுத்திருந்து பேசு" என்று சொல்லிவிடுகிறது. இப்படி எல்லாருக்கும் தனித்தனியாகக் காத்திருப்பு. எக்ஸ்சேஞ்சிலிருந்து பார்த்தால் பக்கத்து வீடு, கடைசி வீடு எல்லாமே ஒரே 20 கிலோமீட்டரில் இருப்பது போலத் தெரியும். அதோடும் விடவில்லை. சித்திரை வெயிலில் கம்பத்துக் கேபிள் சூடானால் ஒளி வரும் நேரம் சில நானோசெகண்ட் தள்ளிப்போகும். அதையும் கவனித்துக்கொண்டே இருந்து காத்திருப்பைத் திருத்துகிறது. முதல் தடவை இதைப் படித்த அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த முறை கெட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் மீன்பாடி வண்டி நுழைந்தால் ஸ்கூட்டர் ஒதுங்க வேண்டிய தெரு எங்களுடையது. ஒரு நாள் காலையில் தெரு முழுக்க நெட் போய்விட்டது. பக்கத்துக் கட்டடத்தில் புதிதாக வந்த டவர்தான் நம் லைனை இழுக்கிறது என்று பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள். ஃபைபருக்குள் போவது கண்ணாடியில் அடைபட்ட அகச்சிவப்பு ஒளி. டவரின் ரேடியோ அலை அதை இழுக்கவும் செய்யாது, கெடுக்கவும் செய்யாது. எது நின்றாலும் டவர் மேல் பழி போடுவதை நாம் விட வேண்டும். இந்த பயத்தால்தான் உண்மையான பழுதைத் தேடாமல் விடுகிறோம்.

மதியம் லைன்மேன் தம்பி வந்தார். டப்பாவைக் குனிந்து பார்த்தவர், "செவப்பு எரியலையேக்கா, பச்சைதான் மின்னுது" என்றார். அதுதான் துப்பு. கேபிள் அறுந்திருந்தால் ஒளியே வராமல் சிவப்பு விளக்கு எரியும். இங்கே ஒளி வருகிறது, ஆனால் எக்ஸ்சேஞ்சில் பதிவு ஆக முடியவில்லை. "ஏதோ ஒரு வூட்டு டப்பா வாய மூடாம கத்திக்கினு கீதுக்கா" என்று சொல்லிவிட்டு ஏணியைச் சாய்த்துக் கம்பத்துப் பெட்டியைத் திறந்தார். மஞ்சள் இழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி, "இப்ப பாருக்கா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாவதைப் பிடுங்கியதும் என் வீட்டுப் பச்சை விளக்கு மின்னுவதை நிறுத்தி நிலையாக நின்றது. ஜெராக்ஸ் கடையில் இருந்த பழைய டப்பா ஒன்றின் லேசர் அணையாமலே நின்றுபோயிருந்தது. தன் முறை இல்லாத நேரத்திலும் அது ஒளியை அனுப்பிக்கொண்டே இருந்ததால் மற்றவர்களுடைய எதுவும் எக்ஸ்சேஞ்சுக்குப் புரியவில்லை.

டவரும் இப்படித்தான் போன்களுக்கு முறை போடுகிறது, தூரத்தைக் கணக்கிட்டு நேரத்தைத் திருத்துகிறது. ஆனால் அதன் பாதை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நடுவில் ஒரு மாநகரப் பேருந்து நிற்கும், மழை வரும், எதிரே ஒரு மாடி எழும்பும். கண்ணாடிக்குள் அந்தத் தொல்லை கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் வடியாமல் நின்றபோது கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. பேட்டரி தீர்ந்தால் டவர் படுத்துவிடும். ஸ்ப்ளிட்டருக்கும் இழைக்கும் தெருவில் கரண்டே வேண்டாம். எக்ஸ்சேஞ்சிலும் வீட்டிலும் இருந்தால் போதும்.

அதற்காக வயர்லெஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுக்கு யாரும் கேபிள் இழுக்க முடியாது. வீட்டு உரிமையாளர் சுவரில் ஓட்டை போட விடாத வாடகை வீட்டுக்கும் மாடி டப்பா நல்ல வழிதான். ஆனால் ஒரு நாடு முப்பது, நாற்பது வருடத்துக்குப் போட வேண்டியது எது என்று கேட்டால் கண்ணாடிதான். ஆஸ்திரேலியா 2009ல் 90 சதவீத இடங்களுக்கு வீடு வரை ஃபைபர் என்று திட்டம் போட்டது. 2013ல் ஆட்சி மாறியதும் செலவைக் குறைக்கப் பழைய தாமிரக் கம்பியையும் சேர்த்துக்கொண்டார்கள். 2020ல் அந்த இடங்களில் பலவற்றுக்கு மறுபடியும் ஃபைபர் போடுவதாக அறிவித்தார்கள். நம் ஊரில் 2.5 லட்சம் ஊராட்சிகளை இணைக்க 2011ல் தொடங்கியதுதான் இன்றைய பாரத்நெட். 2023ல் அதன் அடுத்த கட்டத்துக்கு சுமார் 1.39 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். அது வீண் செலவு இல்லை. இழை மலிவு. பள்ளம் தோண்டுவதும் மூடுவதும்தான் காசு. வட சென்னையில் மழைநீர் வடிகாலுக்கு ஒரு தடவை, குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை, மின்கேபிளுக்கு ஒரு தடவை என்று தோண்டுகிறோம். அவற்றில் ஏதாவது ஒரு பள்ளத்திலேயே ஒரு காலிக் குழாயையும் புதைத்துவிட்டால் போதும். எந்த நிறுவனம் வந்தாலும் வாடகை கொடுத்து அதில் இழையை ஊதிச் செலுத்திக்கொள்ளட்டும். நம் கம்பங்களிலும் முருங்கை மரத்திலும் தொங்கும் கறுப்புக் கேபிள் தோரணமும் ஒழியும்.

கொடுங்கையூர் வாசகருக்கு: உங்கள் தெருவுக்கு ஃபைபர் வரும்வரை மாடி டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் மாட்ட வருபவரிடம் பவர் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். மைனஸ் 20, 22 என்றால் நல்லது. மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் கூடக்கூட ஒளி குறைவு; மைனஸ் 27ஐ நெருங்கினால் கனெக்டரைத் துடைத்து, கதவு இடுக்கில் மடங்கியிருக்கும் கேபிளை நேராக்கித் தரச் சொல்லுங்கள்.