சீட்டுக்கட்டை ஏன் ஏழு முறை கலைக்க வேண்டும்?

நண்பர்கள் வீட்டில் கூடிப் போக்கர் ஆடும்போது, ஓர் ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளை வாரி எடுத்து, இரண்டு மூன்று முறை கலைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போடுவதே பெரும்பாலும் வழக்கம். அது போதவே போதாது.

52 சீட்டுகளை அடுக்கக்கூடிய விதங்கள் எத்தனை என்று கணக்கிட்டால், 8-க்குப் பின் 67 சுழியங்கள் இட்ட எண்ணை ஒட்டிய விடை வரும். கட்டு சரியாகக் கலைந்திருக்கிறது என்றால், இத்தனை அடுக்குகளுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். கட்டை இரண்டாக வெட்டி, இரு பாதிகளின் விளிம்புகளையும் கட்டைவிரல்களால் விடுவித்துக் கோத்துவிடும் ரிஃபிள் முறையில், ஒவ்வொரு பாதியும் தனக்குள் இருந்த வரிசையை இழப்பதில்லை. மற்றப் பாதியின் சீட்டுகள் இடையிடையே நுழைகின்றன, அவ்வளவுதான். ஆகவே 1 முதல் 52 வரை எண்ணிட்ட கட்டை ஒரு முறை கலைத்தால் அதில் அதிகபட்சம் இரண்டு ஏறுவரிசைகளும் (இடையில் வேறு சீட்டுகள் வந்தாலும், 1, 2, 3 என அடுத்தடுத்த எண்கள் மேலிருந்து கீழாக முறைப்படி வரும் தொடர்கள்), இரண்டு முறை கலைத்தால் நான்கும், ஐந்து முறை கலைத்தால் 32-உம் இருக்கும். தலைகீழாகத் திருப்பிய கட்டில் 52 ஏறுவரிசைகள் உண்டு என்பதால், ஐந்து முறை கலைத்து அந்த அடுக்கை எட்டவே முடியாது. மூன்றே முறை கலைத்தால், சாத்தியமான அடுக்குகளில் கோடியின் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்ட இயலாது.

இளமையில் மந்திரவித்தைக்காரராக இருந்து கணிதத்துக்கு வந்த பெர்சி டயாகோனிஸ், டேவ் பேயருடன் இணைந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. முழுமையான கலைப்பிலிருந்து உள்ள விலகலை 1 முதல் 0 வரையான அளவில் குறித்தால், நான்கு முறை கலைத்த பின்னும் அது ஏறத்தாழ 1-ஆகவே நிற்கிறது. ஐந்தாம் முறை 0.924, ஆறாம் முறை 0.614, ஏழாம் முறை 0.334 எனச் சரிந்து, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஏறக்குறையப் பாதியாகிறது. விலகல் முதன்முதலாக 0.5-க்குக் கீழே இறங்குவது ஏழாம் முறையில் என்பதால்தான் ஏழு முறை என்கிறார்கள். முதல் நான்கு முறைகளில் அசையாத அளவு அடுத்தடுத்து இப்படிச் சரிவதே இந்த ஆய்வில் மிக அழகான பகுதி.

மேசையில் இதன் விளைவு என்ன? முந்தைய ஆட்டத்தில் ஒருவர் காட்டிய இரண்டு ராஜாக்கள் ஒட்டியபடியே கட்டுக்குள் போனால், மூன்று முறை கலைத்த பிறகும் அவை அடுத்தடுத்து, அதே வரிசையில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. முறையாகக் கலைந்த கட்டிலோ அது 52-இல் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டாகச் சுற்றிப் போடும்போது, ஒட்டியிருந்த அந்த ராஜாக்கள் பக்கத்துப் பக்கத்து ஆட்டக்காரர்களிடம் போய்ச் சேரும். கூர்ந்து நினைவு வைத்திருப்பவருக்கு இது நியாயமற்ற சாதகம்.

கட்டைக் கையில் பிடித்துச் சிறு கொத்துகளாக உருவிப் போடும் முறை இதைவிடப் பன்மடங்கு மந்தமானது. கணித மாதிரிகளின்படி, அதற்கு ஆயிரக்கணக்கான முறை கலைக்க வேண்டியிருக்கும். வீட்டு ஆட்டத்துக்கு எளிய வழி, முதுகு நிறம் வேறுபட்ட இரண்டு கட்டுகளை வைத்துக்கொள்வது. ஒரு கட்டில் ஆட்டம் நடக்கும்போதே இன்னொருவர் மற்றதை நிதானமாக ஏழு முறை கலைத்து முடித்துவிடலாம்.